மாடியில் சிவப்புக் கம்பளி

டொமினிக் யாரையும் நம்பாத ஆள் என்று பெங்களூர் ஜீவனஹள்ளியில் எவராவது சொன்னால் அவன் மறுக்க மாட்டான். "யார் சொன்னது?" என்றுதான் கேட்பான். பெயர் கிடைத்துவிட்டால், அந்த ஆள் எதற்காக அப்படிச் சொன்னான், அவனைச் சொல்லவைத்தது யார் என்று இரண்டு நாள் யோசிப்பான்.

பால்காரன் மாட்டை வாசலுக்கே ஓட்டிவந்து கண்ணெதிரே கறந்தாலும், முதலில் செம்பைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். தையற்காரன் சட்டையோடு மிச்சத் துணியையும் திருப்பித் தர வேண்டும். இதெல்லாம் பரவாயில்லை, ஊரில் பலரும் செய்வதுதான். ஆனால் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வீட்டுப் பக்கத்துக் கோயிலை விட்டுவிட்டுப் பிளாக்பள்ளி மாதா கோயில் வரை சைக்கிள் மிதித்துப் போகிறவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான். இங்கே இருக்கும் சாமியாருக்குத் தன் குரல் அடையாளம் தெரியும் என்பது அவன் கவலை. அங்கே போயும் குரலை மாற்றிக்கொண்டுதான் பேசுவான் என்று அவன் மனைவி ஜோசஃபின் சொல்லிச் சிரிப்பாள். "கடவுளுக்குத் தெரியாதா?" என்று அவள் கேட்டால், "கடவுள் வெளிய சொல்லமாட்டாரு" என்பான்.

பிறக்கும்போதே அப்படிப் பிறந்தவன் இல்லை. அப்பா ரயில்வே ஃபிட்டர். டொமினிக் விமானக் கொட்டகையில் எண்ணெய் துடைக்கிற வேலையில் சேர்ந்து, இன்ஜின் கற்று, யுத்தம் வந்து ஆள் பற்றாக்குறை ஆனபோது விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டவன். அஸ்ஸாம் பக்கம் சரக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் ஒருநாள் மெக்கானிக், "எல்லாம் சரி சார், டாங்க் ஃபுல்" என்று சல்யூட் அடித்தான். டாங்க் நிறைந்துதான் இருந்தது, ஆனால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருந்தது. மலைக்கு மேலே இரண்டு இன்ஜினும் இருமி நின்றன. தேயிலைத் தோட்டத்தில் கொண்டுபோய் மோதினான். அவன் பிழைத்தான், பக்கத்து ஆசனத்தில் இருந்தவன் பிழைக்கவில்லை. அன்று முதல் பெட்ரோலைத் தானே கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, அடியில் தண்ணீர் முத்து நிற்கிறதா என்று சோதிக்காமல் எந்த விமானத்திலும் ஏறியதில்லை. அந்தச் சந்தேகம் அவன் உயிரைக் காப்பாற்றியது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெயிலில் தூக்கிப் பார்க்கிற அந்தப் பாட்டிலை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டான் என்பதுதான் வழக்கு.

யுத்தம் முடிந்ததும், பட்டாளம் ஏலம் விட்ட பழைய இரட்டை இன்ஜின் விமானம் ஒன்றை வாங்கி, ஆகாயத்திலிருந்து படமெடுத்து வரைபடம் தயாரிக்கும் கம்பெனி ஒன்று பெங்களூரில் தொடங்கியது. மானேஜர் சந்தானம், ராணுவ சர்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காமிராவுக்குத் தேசிகன்: மல்லேஸ்வரத்து ஐயங்கார், மைசூர் சமஸ்தான உத்தியோகக் குடும்பம், வெற்றிலையை விமானத்திலும் விடாதவர். விமானிக்கு டொமினிக். நல்ல வேலை. ஜோசஃபினைக் கட்டிக்கொண்டு ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. வேலையும் அவளும் சேர்ந்து அமைந்ததில் டொமினிக்குக்குச் சந்தோஷம் இருந்தது. இது எப்படி நமக்குக் கிடைத்தது, எங்கே இடிக்கப்போகிறது என்ற சந்தேகமும் கூடவே இருந்தது.

சுதந்திரம் வந்த வருஷத்துக் கடைசியில், மழை ஓய்ந்து வானம் கழுவிவிட்டதுபோல் ஆனதும், ஊர் முழுவதையும் படமெடுக்கும் வேலை வந்தது. ஊர் விரியப்போகிறது, அதற்கு வரைபடம் வேண்டும் என்றார்கள். வயலில் ஏர் ஓட்டுவதுபோலத்தான் அந்த வேலை. கிழக்கே ஒரு கோடு நேராகப் பறக்க வேண்டும். ஊர் எல்லை தாண்டித் திரும்பி, கொஞ்சம் வடக்கே தள்ளி, மேற்கே ஒரு கோடு வர வேண்டும். விமானத்தின் வயிற்றில் ஓட்டை போட்டுக் காமிராவைத் தரையைப் பார்த்து மாட்டியிருக்கும். அது தானாகவே படம் எடுத்துக்கொண்டே போகும். ஒரு கோட்டில் எடுத்த படத்தின் ஓரம் அடுத்த கோட்டுப் படத்தின் ஓரத்தின்மேல் கொஞ்சம் ஏறி உட்கார வேண்டும். ஏறாவிட்டால் நடுவில் ஊர் காணாமல் போகும். விமானிக்கு வேலை ஒன்றுதான், இறக்கை இரண்டும் மட்டமாக இருக்க நேராகப் போவது. கேட்பதற்குச் சுலபம். குதிரைக்குக் கண்பட்டை கட்டுகிறார்களே, அது இல்லாமலே அந்தக் குதிரை மாதிரி போக வேண்டும்.

விமானம் மேலே உறுமத் தொடங்கியதும் கீழே வாய்கள் திறந்தன. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. படமெடுப்பது வீடுகளை இடிக்கத்தான் என்றார்கள். எந்த வீட்டுக்குப் பத்திரம் இல்லை என்று மேலிருந்தே தெரியுமாம் என்றார்கள். கொல்லையில் குளிக்கிற பெண்கள் மேலே கூரை போடச் சொன்னார்கள். எதிர்வீட்டு அல்போன்சா, டொமினிக் சைக்கிளில் போகும்போது பேச்சை நிறுத்துவாள், போனபின் தொடருவாள். அவன் அதைக் கவனிக்காமல் இருப்பானா? தெருமுனை திரும்பியதும் சைக்கிளை நிறுத்திக் காது கொடுப்பான்.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் ஜோசஃபின் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, மேலருந்து பாத்தா நம்ம வூடு தெரியுமா?"

டொமினிக்கின் கை தட்டில் நின்றது. "யார் கேக்கச் சொன்னா?"

"யாரு சொல்லணும்? நானேதான் கேக்கறேன்."

"அல்போன்சா எதாச்சும் கேட்டாங்களா?"

"ஐயோ, ஒண்ணுமில்ல. சாப்புடுங்க" என்று ரசத்தை ஊற்றிவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். அவள் மறுபடி அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்காமல் விட்டது ஏன் என்று அவன் யோசிக்கத் தொடங்கினான்.

அடுத்த வாரம், வடக்கு ஓரக் கோடு ஒன்றை முடித்துத் திரும்பும்போது, இடப்பக்க ஜன்னல் வழியாக ரயில் பாதையைத் தொட்டுக்கொண்டு ஜீவனஹள்ளி தெரிந்தது. ஓட்டு வீடுகளுக்கு நடுவே சில மொட்டை மாடிகள். அதில் ஒன்றின் கைப்பிடிச் சுவரில் சிவப்பாக ஒரு பொட்டு. கோயில் கோபுரத்திலிருந்து கணக்கு வைத்துப் பார்த்தான். அது அவன் வீடு.

இரண்டு நாள் கழித்து மறுபடி பறந்தபோதும் அந்தச் சிவப்பு இருந்தது. வீட்டுக்கு வந்து மாடிக்கு ஏறிப் பார்த்தான். சுவர் வெறுமையாக இருந்தது. மேகம் கவிந்து பறக்க முடியாமல் வீட்டிலேயே இருந்த நாளில் காலையிலும் மத்தியானமும் ஏறிப் பார்த்தான். ஒன்றுமில்லை. அதாவது, அவன் வீட்டில் இல்லாதபோது மட்டும் வருகிறது. வீட்டில் இல்லாத நாளில்தான் அவன் மேலே இருந்து பார்க்கிறான், வீட்டில் இருக்கும் நாளில் அதற்கு அவசியமே இல்லாமல் இருக்கலாம் என்று இன்னொரு பக்கமும் உண்டு என்பது அவன் புத்தியில் ஏறவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஜோசஃபின் தண்ணீர் பிடிக்கப் போயிருந்த நேரத்தில் அவளுடைய தகரப் பெட்டியைத் திறந்தான். அடியில் சிவப்புக் கம்பளி மடித்து இருந்தது. கம்பளி மில்லில் வேலை பார்த்த அவள் அப்பா கல்யாணத்துக்கென்று கொடுத்தது. கல்யாண இரவுக்குப் பிறகு அதை வெளியே எடுத்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. முகர்ந்து பார்த்தான். பெட்டியில் கிடக்கிற துணிக்கு அந்துருண்டை வாசனை இருக்க வேண்டும். இதில் வெயில் வாசனை அடித்தது.

கேட்டிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் கேட்டால் அவள் உஷாராகிவிடுவாளே! மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்துவிட்டு, அவள் குடத்தோடு வரும்போது செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். யாருக்கு அடையாளம் காட்டுகிறாள்? வீட்டுக்கு வருகிறவன் யார்? மனத்தில் ஒரு முகமும் வரவில்லை. முகம் இல்லாத சந்தேகம் என்பதால் தெருவில் எதிர்ப்பட்ட எல்லா முகத்துக்கும் அது பொருந்தியது. அவளை இழந்துவிடுவோம் என்ற பயமும் வந்தது. ராத்திரி பாதிச் சோற்றில் எழுந்துவிட்டான். "ஒடம்பு சரியில்லையா?" என்று அவள் நெற்றியைத் தொட்டாள். அதையும் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டான்.

ஜீவனஹள்ளிக்கு இருபுறமும் ஓடும் இரண்டு கோடுகளையும் டிசம்பர் முதல் வாரத்தில் பறந்தார்கள். படங்களைக் கழுவி, ஓரங்களை வெட்டி, பெரிய பலகையில் ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டியபோது, காக்ஸ் டவுனுக்கும் ஏரிக்கும் நடுவே பலகை தெரிந்தது. ஜீவனஹள்ளி இல்லை. காற்று தள்ளியிருக்கும் என்று சந்தானம் பெரிதுபடுத்தவில்லை. இன்னொரு முறை பறக்கச் சொன்னார். பறந்தார்கள். படம் ஒட்டினார்கள். அதே இடத்தில், அதே அளவுக்கு, பலகை மறுபடி பல்லிளித்தது.

ஒருமுறை நடந்தால் காற்று. இரண்டாம் முறை? சந்தானம் கதவைச் சாத்திக்கொண்டு டொமினிக்கைக் கூப்பிட்டார்.

"மிஸ்டர் டொமினிக், ஊர் பூரா படத்துல விழுது. உங்க பேட்டை மட்டும் விழ மாட்டேங்குது. என்ன சமாச்சாரம்?"

டொமினிக் யோசிக்கவே இல்லை. யாரைச் சந்தேகப்படலாம் என்பதில் அவன் எப்போதும் தயாராக இருப்பவன். "நான் நேராத்தான் போனேன் சார். காமிராவ நிறுத்தியிருப்பாங்க. தேசிகனக் கேளுங்க. அவங்க மாமா அந்தப் பக்கம் சைட் வாங்கிப் போட்டிருக்காரு. சர்க்கார் எடுத்துக்கும்னு பயம் இருக்கும்ல?"

அந்த வீட்டுமனை விஷயத்தைத் தேசிகனேதான் ஒருநாள் வெற்றிலை மடித்துக்கொண்டே வெள்ளந்தியாக அவனிடம் சொல்லியிருந்தார்.

சேதி எப்படியோ தெருவுக்குக் கசிந்தது. ஜீவனஹள்ளி வரைபடத்திலேயே இல்லையாம், டொமினிக் பார்த்துக்கொண்டானாம்! அதுவரை பேச்சை நிறுத்திய அல்போன்சா, கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருக்கும்போதே ஒரு தட்டு நிறைய ரோஸ் குக்கி என்கிற அச்சுமுறுக்கு சுட்டுக் கொண்டுவந்தாள். "தம்பி நம்ம தெருவக் காப்பாத்திட்டீங்க" என்றாள். டொமினிக் தட்டைப் பார்த்த பார்வையில், அதில் விஷம் இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்திருக்கும். ஜோசஃபின்தான் வாங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை சந்தானம் இருவரையும் ஒன்றாக நிற்கவைத்தார். டொமினிக் சொன்னதை ஒளிக்காமல் தேசிகனிடம் சொன்னார். தேசிகன் வெற்றிலையை மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தி, டொமினிக்கைப் பார்த்தார். கோபிப்பார் என்று எதிர்பார்த்தான். அவர் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, படச்சுருளை எடுத்து ஒளிப்பெட்டிமேல் விரித்தார்.

"ஒட்டறதுக்காக ஓரத்த வெட்டிட்டோம். அதான் யாரும் கவனிக்கல. மூலச் சுருள்ல ஓரம் அப்படியே இருக்கு. பாருங்கோ சார்."

ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சின்னச் சின்னதாக மூன்று பதிவுகள் இருந்தன. கடிகாரம், உயரம் காட்டும் முள், கொத்தனார் மட்டப்பலகையில் இருப்பதுபோல் ஒரு நீர்க்குமிழி. காமிரா ஒவ்வொரு படத்தோடும் அவற்றையும் சேர்த்தே எடுத்துவிடும்.

"கடிகாரம் நிக்கல. படம் ஒண்ணுகூட விட்டுப்போகல. காமிராவ யாரும் நிறுத்தல" என்றார் தேசிகன். "இப்ப குமிழியப் பாருங்கோ. நடுவுல இருக்கணும். இருக்கு, இருக்கு, இருக்கு. ஜீவனஹள்ளி கிட்ட வரச்சே வலது ஓரத்துக்கு ஓடிடறது. தாண்டினதும் திரும்ப நடுவுக்கு வந்துடறது. அடுத்த கோட்டுலயும் அதே கதை."

"அப்படின்னா?" என்றார் சந்தானம், தெரிந்துகொண்டே.

"இடது இறக்கை இறங்கியிருக்கு. இடது இறக்கை இறங்கினா விமானத்தோட வயிறு வலது பக்கம் திரும்பும். அந்தப் பக்கத்தத்தான் காமிரா பார்க்கும். டொமினிக், நீங்க அந்த எடத்துல இடது பக்கமா எதையோ எட்டிப் பாத்திருக்கேள்."

டொமினிக் கணக்குப் போட்டுப் பார்த்தான். கிழக்கே போகும் கோட்டில் ஜீவனஹள்ளி வடக்கே, அவன் இடக்கைப் பக்கம். திரும்பி மேற்கே வரும் கோட்டில் அது தெற்கே, அப்போதும் இடக்கைப் பக்கம். இரண்டு தடவையும் கழுத்தை நீட்டியிருக்கிறான். கழுத்தோடு தோள், தோளோடு கை, கையோடு இறக்கை. கால் பழக்கத்தில் நேர்கோட்டைக் காத்துக்கொண்டது. கைதான் அவனுக்குத் தெரியாமல் சாய்ந்திருக்கிறது. அவன் தன் வீட்டை உற்றுப் பார்க்கப் பார்க்க, காமிரா அந்த வீட்டை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டே போயிருக்கிறது. பெட்ரோல் பாட்டிலை வெயிலில் தூக்கிப் பார்க்கிறவன், தன் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை.

"தெருவுல எவ்வளவு வசூல் பண்ணிக் கொடுத்தாங்க?" என்று சந்தானம் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல சார்."

"அப்ப எதப் பாத்தீங்க?"

என் மனைவி யாருக்கோ அடையாளம் காட்டுகிறாளா என்று பார்த்தேன் என்று இந்த இரண்டு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? வேலை போனாலும் போகட்டும், ஜோசஃபினின் பெயர் இந்த அறையில் விழக் கூடாது என்று தோன்றியது. அவளைப் பற்றி இத்தனை நாள் நினைத்ததை நினைக்கும்போது தோன்றாத மானம், அதைச் சொல்ல வரும்போது வந்தது.

"திங்கட்கிழமை காலைல எனக்குக் காரணம் வேணும்" என்றார் சந்தானம். "இல்லேன்னா உங்க லைசென்ஸப் பத்தி மேலிடத்துக்கு எழுதவேண்டி வரும்."

வீட்டுக்கு வந்தபோது ஜோசஃபின் கிறிஸ்துமஸுக்குக் கல்கல் செய்துகொண்டிருந்தாள். மாவைச் சின்னதாகக் கிள்ளி, புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்தி, சுருட்டிச் சுருட்டித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். டொமினிக் நின்றபடியே கேட்டான்.

"அந்தச் செவப்புக் கம்பளி. மாடில எதுக்குப் போடற?"

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளிறும், தடுமாறும் என்று எதிர்பார்த்த முகம் அது. மலர்ந்தது.

"தெரிஞ்சிச்சா?" என்றாள். கையில் மாவோடு எழுந்தே விட்டாள். "நெஜமாவா? மேலருந்து தெரியுதா? இன்னாங்க, சொல்லுங்களேன்! அம்மாம் ஒசரத்துல இருந்து தெரியுதா?"

"தெரியுது."

"நான் நெனச்சேன், தெரியாது, போ, நம்ம திருப்திக்குப் போடுவோம்னு. மாதா தேர் நம்ம தெரு வழியா வரச்சொல்லோ வூட்டு முன்னால நல்ல துணியா ஒண்ணு விரிச்சுப் போடறோம்ல? அந்த மாதிரிதான். நீங்க வூட்டு மேல போறீங்கல்ல. சத்தம் கேட்டதும் ஓடிப்போய் விரிச்சிட்டு, தாண்டிப் போற வரைக்கும் அங்கயே நின்னு மாதாவுக்கு ஒரு அருள்நிறை மரியே ஜெபம் சொல்லுவேன். நீங்க அஸ்ஸாம்ல வுழுந்த கதயச் சொன்னீங்களே, அதுலருந்து எனக்குப் பயம்." அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "கேட்டா திட்டுவீங்கன்னு சொல்லல. வூடு தெரியுமான்னு கேட்டதுக்கே யார் கேக்கச் சொன்னான்னீங்க."

அங்கேயே பேச்சை மாற்றியிருந்தால் டொமினிக் பிழைத்திருப்பான். சிரித்திருந்தால்கூடப் போதும். சிரிப்பு வரவில்லை, வெட்கத்தில் உடம்பு கூசியது, அந்தக் கூச்சம் முகத்தில் எழுதி ஒட்டினமாதிரி தெரிந்தது.

"எப்பருந்து பாத்தீங்க?" என்று கேட்டாள் ஜோசஃபின்.

"போன மாசத்துலருந்து."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. விரலில் ஒட்டிய மாவை உருட்டிக்கொண்டே யோசித்தாள்.

"பெட்டியில துணி எடம் மாறி இருந்திச்சி. எலி பூந்திருக்கும்னு பொறி வெச்சேன்." நிமிர்ந்தாள். "நீங்கதானா?"

"ஜோசி..."

"யாருன்னு நெனச்சீங்க?"

"யாருமில்ல. சும்மா..."

"இல்ல, பேரு சொல்லுங்க. யாருக்காகப் போடறேன்னு நெனச்சீங்க?"

சொல்ல அவனிடம் பெயர் இல்லை. ஒரு பெயராவது இருந்திருந்தால் அவளுக்குக் கோபிக்க ஓர் ஆள் இருந்திருப்பான். "பேருகூட இல்லாம நெனச்சீங்களா?" என்றாள். குரல் உயரவில்லை. உட்கார்ந்து, அடுத்த மாவைக் கிள்ளிச் சீப்பில் வைத்து அழுத்தினாள். கண்ணீர் சீப்பின்மேல் விழுந்தது, துடைத்துக்கொள்ளாமல் சுருட்டிக்கொண்டே இருந்தாள். மன்னிப்புக் கேட்டான். "சரிங்க" என்றாள். மறுநாளும் கேட்டான். அன்றும் அதேதான்.

திங்கட்கிழமை காலை டொமினிக் மானேஜர் அறையில் நேராகச் சொன்னான். "என் வூட்டப் பாத்தேன் சார். நான் போறப்ப என் சம்சாரம் மாடில நிப்பா. அதப் பாக்கத்தான் எட்டிப் பாத்தேன். தேசிகன் மேல சொன்னது என் தப்பு." உண்மையில் பாதி அது. மீதிப் பாதி அவனுக்கும் அவளுக்கும் நடுவில் இருந்தது.

சந்தானம் நம்பாமல் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். தேசிகன்தான் பேசினார். "இன்னொரு தடவை பறக்கட்டும் சார். இவர் நேரா ஓட்டறாரா இல்லையான்னு குமிழி சொல்லப் போறது. நமக்கென்ன?"

வெளியே வந்ததும் டொமினிக், "நான் உங்க பேரச் சொல்லியும்..." என்று இழுத்தான்.

"சொன்னேள். அத நான் மறக்கப்போறதில்ல" என்றார் தேசிகன். "முதல்ல நேரா ஓட்டுங்கோ. பாக்கிய அப்பறம் பேசிக்கலாம்."

மறுநாள் வானம் தெளிவாக இருந்தது. கிளம்பும்போது டொமினிக், "இன்னிக்கு நம்ம வூட்டு மேலதான் போறேன்" என்றான். கம்பளியைப் பற்றிக் கேட்க வாய் வரவில்லை. ஜோசஃபின் டிபன் டப்பாவை எடுத்துக் கொடுத்தாள். "ஜாக்கிரதயா போய்ட்டு வாங்க" என்றாள், எப்போதும் சொல்வதுபோல.

பெட்ரோலைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தான். அதை மட்டும் விடவில்லை. மேலே ஏறி, கிழக்கே கோடு பிடித்து, தூரத்தில் ஒரு குன்றைக் கண்ணில் குத்திவைத்துக்கொண்டு பறந்தான். ரயில் பாதை கீழே வந்தது. இடக்கைப் பக்கம் ஜீவனஹள்ளி வருகிறது என்று தெரிந்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு குன்றையே பார்த்தான். கம்பளி அங்கே இருக்கும், அவள் பக்கத்தில் நின்று அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டான். பார்க்காமலே ஒன்றை நம்புவது அவன் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நெஞ்சு லேசாக இருந்தது. திரும்பி மேற்கே வரும் கோட்டிலும் பார்க்கவில்லை. மேகம் திரள்வதற்குள் இரண்டு கோட்டையும் முடித்துவிட்டு இறங்கினான்.

படங்கள் கழுவிக் காய்ந்ததும் தேசிகனே கூப்பிட்டு அனுப்பினார். ஓரம் வெட்டாத படம் மேஜைமேல் இருந்தது. குமிழி அச்சாக நடுவில் நின்றது. ஜீவனஹள்ளி முழுதாக விழுந்திருந்தது. தெருக்கள், கோயில், ஏரிக்கரை எல்லாம் இருந்தன. தேசிகன் பூதக்கண்ணாடியை அவன் பக்கம் தள்ளினார். "உங்காத்து மாடியும் இருக்கும். பாத்துக்கோங்கோ."

டொமினிக் குனிந்தான். கோயிலிலிருந்து தெருவைப் பிடித்து, அல்போன்சா வீட்டு வேப்பமரத்தைத் தாண்டி, தன் மாடியைக் கண்டுபிடித்தான். படம் அவ்வளவு துல்லியம். கொடிக்கயிறு மயிரிழையாகத் தெரிந்தது. தண்ணீர்ப் பீப்பாயின் நிழல் தெரிந்தது. கம்பளி இருந்தால் கறுப்பாக விழுந்திருக்கும். கைப்பிடிச் சுவர் நாலு பக்கமும் வெள்ளையாக, வெறுமையாக இருந்தது. அடுத்த படத்தையும் அதற்கடுத்ததையும் இழுத்துப் பார்த்தான். மேற்குக் கோட்டுப் படத்தையும் பார்த்தான். கொல்லையில் துவைக்கிற கல் பக்கத்தில் ஒரு புள்ளி, ஆளாக இருக்கலாம். மாடியில் யாரும் இல்லை.

"தெரியறதா?" என்று கேட்டார் தேசிகன்.

"தெரியுது" என்றான் டொமினிக். "நல்லா தெரியுது."

"அப்ப ஓரத்த வெட்டிடலாமா?"

அவன் கண்ணாடியை வைத்துவிட்டுத் தலையாட்டினான். தேசிகன் கத்தரிக்கோலை எடுத்தார்.